ருக்மணி நின்ற ஐந்து தேர்தல்கள்

1

ஓட்டு எண்ணிய காலையில் எங்கள் அறையில் இருந்தவர்களை முதலில் எழுதி விடுகிறேன்.

காஜா மைதீன். மளிகைக்கடை ராவுத்தர் மகன். வீடு பள்ளத்துக்குக் கிழக்கே.

வேலுச்சாமி. தென்னந்தோப்புக்காரர் மகன். கிழக்கே.

கனகராஜ். வேலுச்சாமியின் தம்பி. அதே வீடு.

மாசிலாமணி. அதிகம் பேசமாட்டான். கிழக்கே, கடைசி வீடு.

தேவசகாயம். இடுக்கித் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். எங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை.

நான், சின்னச்சாமி. என் வீடு பள்ளத்துக்கு மேற்கே.

பள்ளம் என்பது மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற ஓடை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டி எங்கள் பஞ்சாயத்து. அங்கே மழை குறைவு. அதனால் பள்ளத்தில் ஆடுகள்தான் நடக்கும்.

நாங்கள் ஆறு பேரும் மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டுகிறோம். நான் வந்து இருபத்தொரு வருடம். படிப்பு ஏழாம் வகுப்பு, தமிழ் மீடியம். எழுதிப் பழக்கம் இல்லை. ஊரில் இருந்து போன் செய்கிறவர்கள் எல்லாம் "மெம்பர் எப்படித் தோத்தாங்க?" என்று என்னிடம் கேட்கிறார்கள். மெம்பர் என்பது என் மனைவி ருக்மணி. ஒவ்வொருவருக்கும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

ருக்மணி முதல் தடவை நின்றபோது நான் இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. வனிதா சம்வரணம் என்று நோட்டீசில் இருந்தது. கட்சிக்காரர்கள் பெண் தேடினார்கள். எந்த வீட்டு ஆணும் மனைவியை விடவில்லை. என் வீட்டில் கேட்பதற்கு ஆண் இல்லை. அதுதான் காரணம். வேறு தகுதி எதையும் அவர்கள் பார்க்கவில்லை.

கட்சியில் மணியண்ணன் என்று ஒருவர். அவர்தான் வீட்டுக்கு வந்தாராம்.

"அம்முணி, நீ சும்மா நின்னாப் போதும். கையெழுத்து மட்டும் போடு. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னால என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுக் காட்டுவீங்களாண்ணா?" என்று கேட்டிருக்கிறாள்.

மணியண்ணன் சிரித்தாராம். சரியென்று அவளையே நிறுத்தினார்கள். போஸ்டரில் அவள் பெயருக்குக் கீழே என் பெயரை அதே அளவில் போட்டிருந்தார்கள். ஒரு போஸ்டரை மடித்துத் தபாலில் அனுப்பினாள். அப்போது எங்களிடம் செல்போன் இல்லை. அந்தப் போஸ்டரைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். அறையில் இருந்த மலையாளிகள் பார்த்துவிட்டு, "அண்ணன் எம்.எல்.ஏ. ஆயோ?" என்று கேட்டார்கள்.

அறுபத்து மூன்று ஓட்டில் ஜெயித்தாள். அந்தச் செய்தி எனக்குக் கடிதத்தில் வந்தது. பதினாறு நாள் கழித்து.

ஐந்து வருடத்தில் அவள் மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பஞ்சாயத்தில் கோப்பு எல்லாம் மலையாளம். கிராம சபையில் ஜனங்கள் பேசுவது எல்லாம் தமிழ். நடுவில் இவள். எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. மணியண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டாவது தேர்தலில் வார்டு ஜெனரல் ஆனது. யார் வேண்டுமானாலும் நிற்கலாம். மணியண்ணனே நின்றார். இவள் சுயேச்சையாக நின்றாள், குடை சின்னத்தில். அவளுக்குத் தொண்ணூற்றொரு ஓட்டு விழுந்தது. மணியண்ணன் ஜெயித்தார்.

3

இங்கே என் நாள் இப்படி. காலை நான்கரைக்கு எழுந்து யார்டுக்குப் போக வேண்டும். நீல நிற லாரி. நல்ல தண்ணீர் வண்டிக்கு அதுதான் நிறம். வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, வீட்டுக்கு வீடு மேல்தொட்டியில் ஏற்ற வேண்டும். சில வீட்டில் குழந்தைகள் வந்து ஓஸ் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மத்தியானம் வெயிலில் கதவுக் கைப்பிடியைத் தொட முடியாது. துணி சுற்றித் திறப்போம்.

பேச்சு நாலு பாஷையில். அரபு கொஞ்சம், இந்தி கொஞ்சம், மலையாளம், தமிழ். எந்தப் பாஷையிலும் முழுசாக ஒரு சங்கதி சொல்ல வராது. மலையாளிகளுக்கு நான் அண்ணாச்சி. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நான் மலையாளி. ரெசிடென்ட் கார்டு புதுப்பிக்கப் போனால் பெயரை மூன்று விதமாக எழுதுவார்கள். பாஸ்போர்ட்டில் ஒன்று, கார்டில் ஒன்று, கம்பெனிச் சீட்டில் ஒன்று. கூப்பிட்டால் மூன்றுக்கும் எழுந்திருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு லீவு. தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. ஒரு தடவையும் இரண்டும் சேரவில்லை. ஆரம்பத்தில் அது தற்செயல். பிறகு நானும் சேர்க்கப் பார்க்கவில்லை.

லீவில் போனால் காலையில் வாசலில் ஆட்கள் இருப்பார்கள். பென்ஷன் தாள், ரேஷன் கார்டு, ரோட்டு விளக்கு. எல்லாரும் அவளைப் பார்க்க வந்தவர்கள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். ஒரு வயசான ஆள் டீயை வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

"இது ஆருங்க?"

"மெம்பரு ஊட்டுக்காரருங்."

"அட, நான் சமையலுக்கு ஆள் வச்சிருக்கறாங்கன்னு நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ருக்மணி சிரிக்கவில்லை. அவள் ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

4

மூன்றாவது தேர்தல். மறுபடியும் பெண்கள் வார்டு. கட்சி மறுபடியும் வீட்டுக்கு வந்தது. இந்தத் தடவை மணியண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டாராம். இருநூற்றேழு ஓட்டு பூரிபட்சம், அதாவது வித்தியாசம். ஜெயித்தாள். போஸ்டரில் என் பெயர் இல்லை.

அந்த ஐந்து வருடத்தில்தான் குழாய் வந்தது. அதுவரை எங்கள் வார்டுக்கு வேனல் வெயில் காலத்தில் லாரித் தண்ணீர்தான். வாரத்தில் இரண்டு நாள். குடத்தை வரிசை வைத்துக் கல்லைப் போட்டு இடம் பிடிப்பார்கள். ருக்மணி பாலக்காட்டுக்கும் தாலுகா ஆபீஸ் இருக்கிற சித்தூருக்கும் நடந்து நடந்து குழாய் கொண்டுவந்தாள். பள்ளம் வரைக்கும் வந்தது. பள்ளத்தைத் தாண்டிக் கிழக்கே கொண்டுபோக ஒரு பாலம் மாதிரிக் கட்ட வேண்டும். அதற்குள் ஐந்து வருடம் முடிந்தது.

எங்கள் வீட்டில் தண்ணீர் வந்தது. காஜா வீட்டில் வரவில்லை. வேலுச்சாமி வீட்டில் வரவில்லை. மாசிலாமணி வீட்டில் வரவில்லை. கறுப்புக் குழாயைச் சுருட்டிப் பள்ளத்துக் கரையில் போட்டது அப்படியே கிடந்தது.

நான்காவது தடவை வார்டு ஜெனரல். கட்சி அவளைப் பக்கத்து வார்டுக்கு அனுப்பியது. அங்கே அவளைத் தெரியாது. முப்பத்தெட்டு ஓட்டில் தோற்றாள். எங்கள் வார்டில் ஜெயித்து வந்தவர் பள்ளத்துப் பக்கம் போகவில்லை.

இரண்டு ஜெயம், இரண்டு தோல்வி. இதுதான் போன தேர்தல் வரைக்கும் கணக்கு.

5

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மகன் கோயமுத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனியில் இருக்கிறான். எங்கள் பக்கத்தில் பல குடும்பத்துக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் அட்டையை மாற்றிக்கொள்வார்கள். அவன் ஓட்டை அங்கே மாற்றிவிட்டான். மகள் எர்ணாகுளத்தில் வேலை. சிநேகிதிகளோடு மலையாளத்தில் பேசிக்கொண்டே போனை எடுப்பாள். என்னிடம் பேசும்போதும் சில சமயம் "அச்சா" என்று வந்துவிடும். பிறகு "அப்பா" என்பாள். நான் எதற்கும் "ம்" சொல்வேன்.

இந்தத் தடவை அம்மா நிற்கிறாள் என்று மகனிடம் சொன்னேன்.

"இன்னுமாப்பா? ஜெயிச்சா என்ன கெடைக்கப் போகுது?"

"தண்ணி," என்றேன்.

"நம்ம ஊட்டுலதான் வருதே."

இதையேதான் ஊரிலும் கேட்டார்களாம். அவள் சொன்ன பதிலைக் காஜாவின் மனைவி காஜாவிடம் சொல்ல, காஜா என்னிடம் சொன்னான். "எம்பட ஊட்டுல வருது. அதத்தான் அஞ்சு வருசமாப் பாத்துட்டு இருக்கறேன். குளிக்கறப்பெல்லாம் அக்கரையத்தான் பாக்கறேன்."

அவளுக்கு ஐம்பது ஆகிறது. முழங்கால் வலி. இது கடைசி என்று சொல்லிவிட்டாள். கட்சி சீட் தரவில்லை. சுயேச்சை. கத்தரிக்கோல் சின்னம்.

தேவசகாயம் கேட்டான்: "ஏண்ணே, மதினிக்கு வேற சின்னமே கெடைக்கலியா? கத்தரிக்கோல வச்சு பைப்ப வெட்டவா போறாவ?"

"பைப்பு அங்க கெடந்தாத்தாண்டா வெட்டோணும்," என்றான் வேலுச்சாமி. "பாதிய ஆரோ தூக்கிட்டுப் போயாச்சு."

6

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஓட்டுப் பட்டியலில் தனியாக இடம் உண்டு. பிரவாசிப் பட்டியல். பாஸ்போர்ட் நகல், விசா நகல் வைத்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் ஓட்டுப் போட நேரில் போக வேண்டும். ருக்மணி எங்கள் ஐந்து பேர் தாளையும் தானே எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக்கு நாலு தடவை போனாள். என் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பழைய பட்டியலில் ஒரு மாதிரி. அதற்காக மட்டும் இரண்டு தடவை. ஐந்து பெயரும் ஏறியது.

"எல்லாரும் ஒண்ணா வந்துருங்க," என்றாள் போனில். "இருபத்தொரு வருசத்துல நீங்க எனக்கு ஒரு ஓட்டுப் போட்டதில்ல."

"சரி," என்றேன்.

எங்கள் யார்டில் லீவுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போவதென்றால் மூத்த டிரைவர் பெயரில் ஒரே தாள். அவன் பெயர் மேலே, மற்றவர்கள் பெயர் கீழே. வேறு யார்டில் இருந்து ஆள் வரவழைத்து வண்டி ஓடும் என்று மூத்தவன் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவன் நான். ஐந்து பெயர் எழுதிப் பத்து நாள் கேட்டேன். மானேஜர் எகிப்துக்காரர். நல்ல மனிதர். சரி என்றார்.

அதற்குப் பிறகு வார்டுகளைத் திருத்தி வரைந்த கடைசிப் பட்டியல் வந்தது. பள்ளம்தான் எல்லை. பள்ளத்துக்குக் கிழக்கே ஒரு வார்டு, மேற்கே ஒரு வார்டு. எங்கள் வீடு மேற்கே போய்விட்டது. ருக்மணி கிழக்கு வார்டில் நிற்கிறாள். பஞ்சாயத்துக்குள் எந்த வார்டிலும் நிற்கலாம். ஆனால் அவள் ஓட்டு அவளுக்கு இல்லை. என் ஓட்டும் அவளுக்கு இல்லை.

"அப்பொ நான் வந்து என்ன பிரயோசனம்?" என்று கேட்டேன்.

போனில் அவள் தாளைப் புரட்டுவது கேட்டது.

"ஓட்டு இல்லாட்டி என்னங்க? எண்ணற எடத்துல எனக்குன்னு ஒரு ஆளு வேணுமல்லொ. கட்சிக்காரங்க நாலு நாலு பேரு உக்காந்திருப்பாங்க. நான் ஒருத்தி மட்டும் உக்காந்திருப்பனா?"

"பாக்கறேன்," என்றேன்.

பார்க்கவில்லை. எனக்குள் இருந்ததைச் சொல்கிறேன். அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் மெம்பர் வீட்டுக்காரர் என்பார்கள். தோற்றால் தோற்றவள் வீட்டுக்காரர் என்பார்கள். ஓட்டும் இல்லாமல் அங்கே போய் உட்கார என்னால் முடியவில்லை. கோபம் இல்லை. எதுவும் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மானேஜரிடம் போனேன். நான் ஊருக்குப் போகவில்லை என்றேன். அவர் அலமாரியில் இருந்து அந்தத் தாளை எடுத்தார். மேலே என் பெயர். கீழே நாலு பெயர்.

"கல்லாஸ்? எல்லாரும் கேன்சலா?" என்று அரபும் இந்தியும் கலந்து கேட்டார்.

நான் மட்டும்தான், மற்ற நாலு பேரும் போகட்டும், வேலுச்சாமி பெயரில் புதுத் தாள் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு இந்தி எனக்குத் தெரியும். வெளியே என் வண்டி வரிசையில் நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். தலையை ஆட்டினேன்.

அவர் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

சாயங்காலம் அறையில் சொன்னேன். வேலுச்சாமி சட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா போகலீன்னா நாங்க மட்டும் எங்க போறது? உடுங்க," என்றான்.

காஜா மட்டும் கேட்டான். "மெம்பரக்கா நம்ம தாளுக்கு நாலு தடவ நடந்தாங்களேண்ணா. என்ன சொல்றது அவங்ககிட்ட?"

"லீவு கெடைக்கலன்னு சொல்லு."

"எங்க ஊட்டுல நான் பொய் சொன்னா அவ கண்டுபுடிச்சுருவாண்ணா."

"எல்லாருமு அப்படித்தான் சொல்றாங்க. சும்மா சொல்லு."

நானும் ருக்மணியிடம் அதையே சொன்னேன். லீவு கிடைக்கவில்லை என்று. அவள் "சரிங்க" என்றாள். டிக்கெட் காசைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டாள். பாதி தருவார்கள் என்றேன்.

7

ஓட்டு எண்ணும் நாள். ஊரில் எட்டு மணி என்றால் எங்களுக்கு ஆறரை. மூன்று மணி நேரம் தாமதமாக வண்டி எடுக்கிறோம் என்று யார்டில் சொல்லிவைத்தோம். காஜாவின் போனை ஜன்னல் கட்டையில் நிறுத்தினோம். ஒவ்வொரு வார்டாக வரும். எங்கள் பஞ்சாயத்து மெதுவாக வந்தது.

தேவசகாயம் எல்லாருக்கும் கட்டஞ்சாயா போட்டான். பால் தீர்ந்துவிட்டது.

"ஒங்க ஊரு எலெக்சனுக்கு எனக்கு ஏம்லே நெஞ்சு இடிக்குது?" என்றான். "எங்க எஸ்டேட்டுல இப்படித்தான் ஒரு தடவ எங்க பெரியப்பா நின்னாரு. அவரு வீட்டுல எட்டு ஓட்டு. விழுந்தது அஞ்சு. செத்துப் போற வரைக்கும் அந்த மூணு பேரு யாருன்னு தேடுனாரு."

கனகராஜ் சிரித்தான். வேலுச்சாமி அவன் முதுகில் தட்டி நிறுத்தினான்.

கிழக்கு வார்டு வந்தது. காஜாதான் படித்தான். மலையாளத்தில் படித்துவிட்டு மறுபடி தமிழில் சொன்னான்.

மணியண்ணனின் மருமகள், கட்சிச் சின்னம். முந்நூற்று அறுபத்து நான்கு.

ருக்மணி, கத்தரிக்கோல். முந்நூற்று அறுபத்தொன்று.

மூன்றாவதாக இன்னொரு கட்சி. அதைப் படிக்கவில்லை.

மாசிலாமணி எழுந்து போய்த் தன் கிளாசைக் கழுவினான். அது முன்னாலேயே கழுவின கிளாஸ்.

தேவசகாயம் விரலை மடக்கிக்கொண்டிருந்தான். கிழக்கு எது, மேற்கு எது என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தான். பிறகு விரலைப் பிரித்துவிட்டான்.

வேலுச்சாமி, "வண்டி எடுக்கலாங்ணா," என்றான்.

"நீங்க போங்க. வாறேன்," என்றேன்.

ஒருவரும் போகவில்லை.

8

ஏழேமுக்காலுக்கு ருக்மணி கூப்பிட்டாள். பின்னால் கொட்டுச் சத்தம். பட்டாசுச் சத்தம்.

"டீ குடிச்சாச்சுங்களா?"

"ஆச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மறுக்கா பாக்கச் சொன்னனுங்க. பாத்தாங்க. அதேதான்."

"பக்கத்துல ஆரு இருந்தா?"

"ஆருமில்ல. ஒரு ஸ்டூல் போட்டிருந்தாங்க எனக்கு. கட்சிக்காரப் பையன் ஒருத்தன் தண்ணி பாட்டில் குடுத்தான். எதிர்க்கட்சிதான். பாவம், குடுத்தான்."

"ம்."

"மணியண்ணன் வந்து கும்பிட்டாருங்க. அம்முணி, மனசுல வச்சுக்காதேன்னு சொன்னாரு. வச்சுக்கறதுக்கு என்ன இருக்குதுண்ணா, மருமகளுக்குப் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுங்கன்னு சொன்னேன்."

கொட்டுச் சத்தம் கிட்டத்தில் வந்து தள்ளிப் போனது. அவள் நடக்கிறாள் என்று தெரிந்தது. மூச்சு வாங்கியது. முழங்கால்.

"பஸ்ஸுக்குப் போறியா?"

"ஆமாங்க. பொழுதோட போனாத்தான் கெழக்கால போயி எல்லாத்துகிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல முடியும். ஓட்டுப் போட்டிருக்கறாங்க. முந்நூத்தி அறுபத்தியொரு பேரு."

"ம்."

"ஏனுங்க."

"சொல்லு."

"காஜா சம்சாரம் நேத்தே சொன்னா. லீவு கெடைக்காம இல்லையாம். நீங்கதான் வேண்டாம்னீங்களாம்."

காஜா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். போன் சத்தம் அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. உங்களுக்கு ஓட்டு இல்ல. வராட்டிப் போகுது."

பஸ் ஹாரன் கேட்டது. அவள் பஸ்ஸை விட்டாள். சத்தம் தூரமாகப் போனது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்த ரூம்புல கெழக்கு வார்டு ஓட்டு எத்தனைங்க?"

அவளுக்குத் தெரியும். அவள்தான் தாள் கொண்டுபோய்க் கொடுத்தவள்.

அறையைப் பார்த்தேன். காஜா. வேலுச்சாமி. கனகராஜ். மாசிலாமணி.

"நாலு."